ஊரடங்கு காலத்து ஆன்லைன் படிப்பு: பெற்றோரும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது நான் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது படித்த பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். ஆனால் பெற்றோர் கூட்டத்திலும் ஆசிரியர் பயிற்சியிலும் அதே கேள்விகள் இன்னும் வந்துகொண்டே இருக்கின்றன. "ஆன்லைன் கிளாஸ்னால என் பையன் எழுத்தையே மறந்துட்டான்" என்று ஓர் அம்மா சொல்வார். "யூடியூப் பார்த்துத்தான் என் பொண்ணு பிளஸ் டூ கெமிஸ்ட்ரி பாஸ் பண்ணினா" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வார். இருவரும் சொல்வது நடந்ததுதான். ஒரு பிள்ளைக்கு உதவியது இன்னொரு பிள்ளையை ஏன் கைவிட்டது என்பதைத் தமிழ்நாட்டு அனுபவத்தை வைத்து இங்கே எழுதியிருக்கிறேன்.

தமிழ்நாட்டில் பள்ளிகள் எவ்வளவு காலம் மூடியிருந்தன?

வகுப்பைப் பொறுத்து மாறும். 2020 மார்ச் நடுவில் எல்லோருக்கும் பள்ளி நின்றது. மார்ச் 25 முதல் நாடு முழுக்க ஊரடங்கு. 10, 12ஆம் வகுப்புகள் 2021 ஜனவரி 19 அன்றும், 9, 11ஆம் வகுப்புகள் பிப்ரவரி 8 அன்றும் திறந்தன. இரண்டாம் அலையில் அவையும் மூடப்பட்டு, 2021 செப்டம்பர் 1 அன்று 9 முதல் 12 வரை மீண்டும் வந்தார்கள். ஒன்று முதல் எட்டு வரை படித்தவர்களுக்கு 2021 நவம்பர் 1 வரை வகுப்பறையே கிடையாது. அதாவது 19 மாதங்களுக்கு மேல். திறந்த இரண்டு மாதத்தில் மூன்றாம் அலை வந்து மறுபடி மூடினார்கள். 2022 பிப்ரவரி 1 அன்றுதான் எல்லோரும் திரும்பினார்கள்.

இந்தத் தேதிகளைப் பிள்ளையின் வயதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2019 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை ஒன்பது மாதம் படித்துவிட்டு வீட்டுக்குப் போனது, திரும்ப வந்து உட்கார்ந்தது மூன்றாம் வகுப்பில். 2020இல் ஒன்றாம் வகுப்புக்குப் பெயர் கொடுத்த பிள்ளை ஒன்றாம் வகுப்பு அறையில் உட்காரவே இல்லை. நேராக இரண்டாம் வகுப்புக்கு வந்தது, அதுவும் கல்வியாண்டின் பாதியில். இந்த இரண்டு அணிகளைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன்.

எல்லாப் பள்ளியிலும் ஒரே மாதிரிதானே ஆன்லைன் வகுப்பு நடந்தது?

இல்லை. ஒரே தெருவில் மூன்று விதமாக நடந்தது. பெரிய தனியார் பள்ளிகளில் காலையிலேயே ஜூம் அல்லது கூகுள் மீட் லிங்க் வந்துவிடும். யூனிஃபார்ம் சட்டை போட்டு, ஹெட்போன் மாட்டி, பீரியட் பீரியடாக உட்கார வேண்டும். குறைந்த கட்டணப் பள்ளிகளில் ஆசிரியர் தன் வீட்டுச் சுவரில் சின்னக் கரும்பலகை மாட்டிப் பாடம் நடத்தி, அதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் நேரலை வகுப்பு அபூர்வம். பாடப் புத்தகம் வீடு போய்ச் சேர்ந்தது, அரசின் கல்வித் தொலைக்காட்சி ஓடியது, வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் போனது.

பிளஸ் டூ மாணவர்களுக்கு ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வரச் சொல்லி, ஹைடெக் லேபில் வைத்துப் பாட வீடியோக்களை அதில் ஏற்றிக் கொடுத்தார்கள். ஒருமுறை ஏற்றிவிட்டால் டவரும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். இணையக் கல்வி என்று நாம் பேசுவதில் மிக உருப்படியாக வேலை செய்த ஒன்று இணையமே தேவைப்படாத இந்த ஏற்பாடு என்பது என் கணிப்பு.

கல்வித் தொலைக்காட்சியால் பலன் இருந்ததா?

இருந்தது. அதைக் குறைத்துப் பேசுவது நியாயமில்லை. 2019 ஆகஸ்ட் 26 அன்றே தொடங்கப்பட்டிருந்ததால், ஊரடங்கு வந்தபோது சேனலும் ஆட்களும் தயாராக இருந்தார்கள். சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் படப்பிடிப்பு. பாடம் எடுத்தவர்கள் பெரும்பாலும் அரசுப் பள்ளி ஆசிரியர்கள். 2006க்குப் பிறகு வந்த இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தின் புண்ணியத்தில் கூரை வீட்டிலும் டிவி இருந்தது. ஸ்மார்ட்போன் அப்படி இல்லை.

குறை எங்கே என்றால், ஒளிபரப்பு நேரம் பிள்ளைக்காகக் காத்திருக்காது. ஏழாம் வகுப்புக் கணக்கு ஓடும் நேரத்தில் பிள்ளை ஆடு ஓட்டிக்கொண்டு போயிருந்தால் அன்றைய பாடம் போனதுதான். யூடியூபில் இருக்கிறது என்பார்கள், அதற்குப் போன் வேண்டும். அதைவிடப் பெரிய குறை, பார்க்கும் பிள்ளைக்குப் புரிந்ததா என்று டிவிக்குத் தெரியாது. எங்கள் பள்ளியில் நாங்கள் செய்தது இவ்வளவுதான்: பாடம் ஓடிய அன்று சாயங்காலம் சாதாரணப் போனில் கூப்பிட்டு, அந்தப் பாடத்திலிருந்து ஒரே ஒரு கேள்வி கேட்போம். "சார் போன் பண்ணுவார்" என்பதற்காகவே டிவி முன்னால் உட்கார்ந்த பிள்ளைகள் இருந்தார்கள்.

வீட்டில் ஒரே போன், மூன்று பிள்ளைகள். எப்படிச் சமாளித்தார்கள்?

பல வீடுகளில் சமாளிக்கவில்லை. அதுதான் பதில்.

2017-18இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில், இந்தியக் கிராமப்புற வீடுகளில் இணைய வசதி இருந்தது 14.9 சதவீதம், நகரத்தில் 42 சதவீதம். அந்த நிலையில்தான் நாம் ஊரடங்குக்குள் நுழைந்தோம். பிள்ளைக்கு வகுப்பு போய்விடுமே என்று பெற்றோர் கடன் வாங்கியும் நகையை அடகு வைத்தும் போன் வாங்கினார்கள். பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் கிராமப்புற வீடுகளில் ஸ்மார்ட்போன் வைத்திருந்தவை 2018இல் 36.5 சதவீதம், 2020இல் 61.8 சதவீதம் என்று, பிரதம் தொண்டு நிறுவனம் நடத்தும் 'ஏசர்' ஆய்வு சொன்னது. இதில் பாதிக்கு மேல் பெற்றோரின் தியாகம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் வீட்டில் போன் இருப்பது வேறு, பிள்ளை கையில் போன் இருப்பது வேறு. என் வகுப்பில் ஒரு வீட்டை மட்டும் சொல்கிறேன். அப்பா கட்டட வேலை. போன் அவர் சட்டைப்பையில் காலை ஏழு மணிக்குக் கிளம்பும், மேஸ்திரி கூப்பிட்டால் எடுக்க வேண்டுமே. ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பி வரும்போது சார்ஜ் இருக்காது. ஒன்பது மணிக்கு உயிர் வந்ததும் முதலில் பத்தாவது படிக்கும் அக்காவிடம் போகும், ஏனென்றால் அவளுக்குப் பரீட்சை. அப்புறம் ஏழாவது படிக்கும் அண்ணன். நான்காவது படிக்கும் என் மாணவியிடம் வரும்போது அவள் தூங்கியிருப்பாள். அன்றைய 1.5 ஜிபி டேட்டாவும் தீர்ந்திருக்கும். இந்த வீட்டில் யார்மேலும் தப்பு சொல்ல முடியாது. வகுப்பைப் பகலில் வைத்தது யார் என்று மட்டும் கேட்கலாம். அதனால் நாங்கள் வீடியோவை நிறுத்திவிட்டுக் குரல்பதிவுக்கு மாறினோம். இரண்டு நிமிடக் குரல்பதிவு, மறுநாள் காலையில்கூடக் கேட்கலாம், டேட்டாவும் அதிகம் இழுக்காது.

கல்லூரி மாணவர்களுக்கு அரசு ஓரளவு கை கொடுத்தது. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா, 9.69 லட்சம் மாணவர்களுக்கு. நல்ல காரியம். பள்ளிப் பிள்ளைகளுக்கும் வந்திருக்க வேண்டும்.

அப்படியானால் நன்மை என்று ஒன்றுமே இல்லையா?

நிறைய இருக்கிறது. யாருக்கு என்பதுதான் கேள்வி.

ஏற்கெனவே படிக்கத் தெரிந்த, தனக்கு என்ன புரியவில்லை என்று சொல்லத் தெரிந்த மாணவருக்கு இணையம் பெரிய வாசலைத் திறந்தது. வகுப்பில் சார் ஒருமுறை சொல்லிவிட்டுப் போய்விடுவார். வீடியோவை நான்கு முறை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். வகுப்பில் கையைத் தூக்கிக் கேட்க வெட்கப்படும் பெண் பிள்ளைகள் ராத்திரி வாட்ஸ்அப்பில் தனியாகச் சந்தேகம் கேட்டதை எங்கள் ஒன்றியத்து உயர்நிலைப் பள்ளி ஆசிரியைகள் பலர் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் சிலரின் குரலையே அதற்கு முன் கேட்டதில்லை என்றார் ஒருவர்.

கல்லூரி மட்டத்தில் பலன் இன்னும் தெளிவு. ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இலிருந்து நடத்திவரும் என்பிடெல் என்ற இணையவழிப் பாடங்கள் பல பொறியியல் மாணவர்களுக்கு ஊரடங்கில்தான் பழக்கமாயின. சென்னை ஐஐடி 2020 ஜூன் கடைசியில் புரோகிராமிங், டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பை இணையவழியில் அறிவித்தது. ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ எழுதத் தேவையில்லை. நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். பாடம் வீட்டிலிருந்து, தேர்வு மட்டும் நேரில் போய் எழுத வேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களும், திருமணத்துக்குப் பிறகு படிப்பை விட்ட பெண்களும் நுழையக்கூடிய கதவு இது.

இன்னொரு நன்மையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பல அம்மாக்கள் பிள்ளையின் பாடத்தை முதல்முறையாகப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். "நாலாவதுல இவ்வளவு இருக்கா சார்?" என்று கேட்ட அம்மா, பள்ளி திறந்த பிறகும் மாதக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவர் கொஞ்சம் இறங்கியது. அந்த வாட்ஸ்அப் குரூப்புகள் இன்றும் ஓடுகின்றன. பிள்ளை வராத நாளில் காரணம் கேட்க அதைத்தான் பயன்படுத்துகிறோம்.

சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் ஒத்துவரவில்லை?

எழுத்துக் கற்பது கேட்டுத் தெரிந்துகொள்ளும் காரியம் இல்லை. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 'கொ' எழுதும்போது பிள்ளை ஒற்றைக் கொம்பை முதலில் போடுகிறதா, 'கா' எழுதிவிட்டு அப்புறம் முன்னால் இடுக்குகிறதா என்பது நோட்டில் முடிந்த எழுத்தைப் பார்த்தால் தெரியாது, எழுதும் கையைப் பார்த்தால்தான் தெரியும். 'பள்ளி' என்று வாசிக்கச் சொன்னால் 'பல்லி' என்று வரும். நாக்கு எங்கே மடிகிறது என்று காட்டினால் அடுத்த நிமிடமே திருந்தும். விட்டு விட்டு வரும் போன் ஒலியில் ளகரமும் லகரமும் ஒன்றுபோலத்தான் கேட்கும்.

பள்ளி திறந்த முதல் வாரம் மூன்றாம் வகுப்புக்கும் சேர்த்து நான் உட்கார்ந்தேன். ஒரு பையனிடம் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். தடங்கல் இல்லாமல் வாசித்தான், குரலில் ஏற்ற இறக்கத்தோடு. சந்தேகப்பட்டு பக்கத்தைத் திருப்பினேன். அவன் முந்தைய பக்கத்தையே தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தான். டிவியில் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகியிருந்தது, எழுத்து ஒன்றும் தெரியாது. அவனுடைய வீட்டுப்பாடப் படங்கள் எல்லாம் வாட்ஸ்அப்பில் ஒழுங்காக வந்திருந்தன, முத்து முத்தான கையெழுத்தில். அது அவன் சித்தியின் கையெழுத்து.

தொலைவிலிருந்து நமக்குக் கிடைத்ததெல்லாம் இந்த மாதிரித் தடயங்கள்தான். லிங்க்கைத் திறந்தார்களா, படம் அனுப்பினார்களா, நீல டிக் விழுந்ததா என்று பார்த்தோம். பிள்ளை கற்றதா என்பதற்கு இவற்றில் எதுவும் சாட்சி இல்லை.

'கற்றல் இழப்பு' என்கிறார்களே, அதை யாராவது அளந்தார்களா?

அளந்தார்கள், அதுவும் நம் மாநிலத்திலேயே. பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். 2021 டிசம்பரில் எடுத்த மதிப்பெண்களை, அதே கிராமங்களில் அதே வயதுப் பிள்ளைகள் 2019இல் எடுத்தவற்றோடு ஒப்பிட்டார்கள். கணக்கில் சரிவு மிகப் பெரிது. மொழிப் பாடத்தில் அதில் ஏறக்குறைய பாதி. தாய் அதிகம் படிக்காத வீட்டுப் பிள்ளைகள் கூடுதலாக இழந்திருந்தார்கள்.

ஆனால் அந்த ஆய்வின் மறுபாதியையும் சொல்லியாக வேண்டும், அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. மீட்பில் ஏழை வீட்டுப் பிள்ளைகள் முன்னால் நின்றார்கள். "அந்த பேட்ச் அவ்வளவுதான்" என்று தலையைச் சுற்றித் தூக்கிப் போட்டுவிட்ட ஆசிரியர்களிடம் நான் முதலில் காட்டுவது இந்த முடிவைத்தான்.

2022 ஏசர் ஆய்வு வேறொரு படத்தைக் காட்டியது. தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 2018இல் 10.2 சதவீதம், 2022இல் 4.8 சதவீதம். அந்த 2022 மூன்றாம் வகுப்பு யார் என்று பாருங்கள்: 2020இல் பெயர் பதிந்து, ஒன்றாம் வகுப்பு அறையைப் பார்க்காத அதே பிள்ளைகள். 10.2 என்பதே பெருமைப்படும் எண் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். எல்லாப் பழியையும் கொரோனாமேல் போட முடியாது.

கணக்கில் மட்டும் ஏன் அவ்வளவு அடி?

தமிழ் வீட்டில் நாள் முழுக்கக் காதில் விழுகிறது. சீரியல், சண்டை, பாட்டி கதை எல்லாமே மொழிப் பயிற்சிதான். கடன் வாங்கிக் கழித்தலும் பின்னமும் பள்ளியில் மட்டுமே நடக்கும். தவிர, கணக்கில் ஒரு படி விட்டுப்போனால் அடுத்த படியில் கால் வைக்க முடியாது. பெருக்கல் வாய்பாடு தெரியாமல் ஐந்தாம் வகுப்புக்கு வந்த பிள்ளைக்கு வகுத்தல், பின்னம், தசமம் எல்லாம் ஒரே புகைமூட்டம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஆன்லைன் வகுப்பு வைக்கலாம்?

2020 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட 'பிரக்யதா' வழிகாட்டுதலின்படி மழலையர் வகுப்புக்கு அரை மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஒன்று முதல் எட்டு வரை நாளுக்கு இரண்டு அமர்வுகள், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு அமர்வுகள், ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம். என்னைக் கேட்டால் தொடக்க வகுப்புகளுக்கு இதுவும் அதிகம். ஒரு பிள்ளையோடு பத்து நிமிடம் போனில் நேராகப் பேசுவது நாற்பது பேர் உள்ள ஒரு மணி நேர மீட்டைவிட மேல்.

கண் கெட்டுவிடுமா?

சின்னத் திரையைக் கிட்டத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தால் கண் வறண்டு எரியும், தலை வலிக்கும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தூரத்தில் இருப்பதைக் கொஞ்ச நேரம் பார்க்கச் சொல்லுங்கள். பகல் வெளிச்சத்தில் விளையாட விடுங்கள். கரும்பலகை தெரியவில்லை என்று பிள்ளை சொன்னால் தள்ளிப் போடாமல் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

'கேமராவை ஆன் பண்ணு' என்று பிள்ளையைக் கட்டாயப்படுத்தலாமா?

கூடாது என்பது என் கருத்து. ஒற்றை அறை வீடு. பின்னால் தாத்தா படுத்திருக்கிறார், அம்மா சமைக்கிறார், கயிற்றில் துணி காய்கிறது. கூடப் படிக்கும் பிள்ளைகளுக்குத் தன் வீட்டைக் காட்டக் கூசும் பிள்ளையை நாம் தண்டிக்கக் கூடாது. கேமராவை அணைத்திருந்தால் கவனிக்கவில்லை என்று பொருளும் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேளுங்கள், தெரிந்துவிடும்.

இதில் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. 2021 மே மாதம் ஆன்லைன் வகுப்பில் ஆசிரியர் ஒருவர் மாணவிகளிடம் தவறாக நடந்துகொண்ட புகார் சென்னையில் வெளிவந்த பிறகு, இணைய வகுப்புகளைப் பதிவு செய்ய வேண்டும், பெற்றோர் ஆசிரியர் கழக உறுப்பினர்களும் அடங்கிய குழு அவற்றை அவ்வப்போது பார்க்க வேண்டும் என்று தமிழக அரசு உத்தரவிட்டது. போன் வழியாகப் பிள்ளைக்கு எந்தத் தொந்தரவு வந்தாலும் குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வி உதவி எண் 14417. பிள்ளை சொல்லும்போது "நீ ஏன் போனை எடுத்த?" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அதற்குப் பயந்துதான் பாதிப் பிள்ளைகள் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள்.

பள்ளியே நடக்காதபோது முழுக் கட்டணம் கட்ட வேண்டியிருந்ததா?

2020 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தனியார் பள்ளிகள் முதல் தவணையாக 40 சதவீதக் கட்டணம் வாங்கிக்கொள்ளலாம், பள்ளி திறந்து இரண்டு மாதம் கழித்து இன்னொரு 35 சதவீதம் வாங்கலாம் என்றது. வருமானம் நின்ற குடும்பங்களுக்கு அதுவும் பாரம்தான். லட்சக்கணக்கான பிள்ளைகள் டிசி வாங்கிக்கொண்டு அரசுப் பள்ளிக்கு வந்தார்கள். அவர்களில் பலர் இங்கேயே தங்கிவிட்டார்கள் என்பதில் எங்களுக்கு மகிழ்ச்சி.

'ஆல் பாஸ்' போட்டது சரியா?

அந்த நேரத்தில் வேறு வழி இல்லை. 2020 ஜூன் 9 அன்று பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தாகி, காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு 80 சதவீதமும் வருகைப் பதிவுக்கு 20 சதவீதமும் வைத்து மதிப்பெண் போட்டார்கள். தொற்று பரவும் நேரத்தில் லட்சக்கணக்கான பிள்ளைகளைத் தேர்வு மையத்துக்கு வரவழைத்திருக்க முடியாது. அடுத்த ஆண்டும் 9, 10, 11 வகுப்புகளுக்குத் தேர்ச்சி, 2021 ஜூன் 5 அன்று பிளஸ் டூ தேர்வும் ரத்து.

தேர்ச்சி கொடுத்தது தப்பில்லை, கொடுத்துவிட்டு அடுத்த வகுப்புப் பாடத்தைப் பழைய வேகத்திலேயே தொடங்கியதுதான் வலித்தது. 2022 மே மாதம் பிளஸ் டூ எழுதிய அணியைப் பாருங்கள். பத்தாவதில் பொதுத்தேர்வு இல்லை, பதினொன்றிலும் இல்லை. வாழ்க்கையில் முதல் பொதுத்தேர்வே கல்லூரியை முடிவு செய்யும் தேர்வு. மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுதக் கை பழகவில்லை என்று அழுத பிள்ளைகள் உண்டு. திறந்த பிறகு 'புத்தாக்கப் பயிற்சி' என்று பழைய பாடங்களைத் தொட்டுச் செல்ல நாட்கள் ஒதுக்கியது நல்ல முடிவு. நாட்கள்தான் போதவில்லை.

பள்ளிக்குத் திரும்பாத பிள்ளைகள் என்ன ஆனார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் எழுதுவது எனக்குக் கடினம். பையன்கள் பெயின்ட் வேலைக்கும் செங்கல் சூளைக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் போனார்கள். கையில் காசு பார்த்த பையனை மறுபடி பெஞ்சில் உட்கார வைப்பது லேசில்லை. பெண் பிள்ளைகளுக்கு, "ஸ்கூல்தான் இல்லையே" என்று சொல்லி வரன் பார்த்தார்கள். பள்ளி என்பது பாடம் நடக்கும் இடம் மட்டும் இல்லை என்று எங்களுக்கே அப்போதுதான் உறைத்தது. மதியம் சத்துணவும் முட்டையும் கிடைக்கும் இடம் அது, பதினாறு வயதுப் பெண் ஏன் இரண்டு நாளாக வரவில்லை என்று கேட்க ஆள் இருக்கும் இடம் அது. சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் வீட்டுக்குக் கொடுத்தார்கள். கேட்பதற்கு ஆளை எந்தச் செயலியும் கொடுக்கவில்லை.

இடைநின்ற பிள்ளை உங்கள் தெருவில் இருந்தால் இப்போதும் தாமதமில்லை. அருகில் உள்ள அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. டிசி இல்லை என்பதைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு ஆன்லைன் வசதியாகத்தானே இருந்திருக்கும்?

நடக்கச் சிரமப்படும் கல்லூரி மாணவர்களுக்கு வசதிதான். பார்வையற்ற மாணவருக்கு ஆசிரியர் நோட்டைப் படம் பிடித்து அனுப்பினால் திரைவாசிப்பு மென்பொருள் அதில் ஒரு வார்த்தைகூட வாசிக்காது. தட்டச்சு செய்து அனுப்பினால் வாசிக்கும், அவ்வளவு எளிய விஷயம். செவித்திறன் குறைந்த பிள்ளைக்கு விட்டு விட்டு வரும் வீடியோவில் உதட்டசைவு பிடிபடாது. வட்டார வள மையங்களில் கிடைத்துவந்த இயன்முறைப் பயிற்சி நின்றதால் பல குழந்தைகளுக்குக் கை, கால் மறுபடி இறுகிப்போனது. அந்த இழப்பை எந்தக் கற்றல் ஆய்வும் எண்ணவில்லை.

இல்லம் தேடிக் கல்வி உண்மையிலேயே உதவியதா?

உதவியது. தமிழக அரசின் இந்தத் திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கப்பட்டது. ஒன்று முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம். சொல்லிக் கொடுத்தவர்கள் அதே தெருவில் இருக்கும், ஓரளவு படித்த தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள். முன்பு சொன்ன கார்த்திக் முரளிதரன் குழுவின் ஆய்வு, மீண்டு வந்த கற்றலில் ஏறக்குறைய 24 சதவீதத்துக்கு இந்தத் திட்டமே காரணம் என்று கணக்கிட்டது.

எங்கள் ஊரில் மாரியம்மன் கோயில் திண்ணையில் நடந்தது. டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருந்த ஒரு பெண் எடுத்தார். கையில் சாக்பீஸும் கதை அட்டைகளும் இருந்தன. அவர் ஒன்றும் புதிதாகச் செய்துவிடவில்லை, ஒவ்வொரு பிள்ளையாகப் பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்கச் சொன்னார். ஒரு கோடி ரூபாய் செயலியால் முடியாதது அதில் நடந்தது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை என்பது மிகக் குறைவு என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். நிரந்தர ஆசிரியர் பணியிடங்களுக்கு இது மாற்றாகிவிடக் கூடாது என்று ஆசிரியர் சங்கங்கள் கவலைப்பட்டதும் நியாயமானது.

இதைத் தொடர்ந்து 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கான 'எண்ணும் எழுத்தும்' வந்தது. பிள்ளைகளை வகுப்பு பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலை பார்த்து உட்கார வைக்கும் முறை. பதிவேடுகளும் செயலியில் ஏற்றும் வேலையும் கழுத்தை நெரிக்கின்றன என்பது எங்கள் புகார். ஆனால் அடிப்படை யோசனை சரி.

தொலைதூரக் கல்வியும் ஆன்லைன் பட்டமும் ஒன்றா? அரசு வேலைக்குச் செல்லுமா?

ஒன்றில்லை. தொலைதூரக் கல்வி நம்மிடம் பழையது: அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலிருந்து நடத்துகிறது, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இல் வந்தது. தபாலில் புத்தகம், ஞாயிற்றுக்கிழமை நேரடி வகுப்பு. ஆன்லைன் பட்டம் என்பது சேர்க்கையிலிருந்து பாடம் வரை இணையத்திலேயே நடப்பது. இரண்டுக்கும் சேர்த்து பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2020 செப்டம்பரில் விதிமுறை வெளியிட்டது. அங்கீகாரம் பெற்ற படிப்பென்றால் கல்லூரிக்குப் போய் வாங்கிய பட்டத்துக்குச் சமம். பணம் கட்டும் முன், அந்தப் பல்கலைக்கழகத்துக்கு, அந்தப் படிப்புக்கு, அந்த ஆண்டுக்கு அனுமதி இருக்கிறதா என்று யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பாருங்கள். பொறியியல், மருத்துவம், நர்சிங் போன்றவற்றில் ஆன்லைன் பட்டம் தருகிறோம் என்று யாராவது சொன்னால் கிட்டேயே போகாதீர்கள்.

புயல், கனமழை விடுமுறை விட்டால் இனி ஆன்லைன் வகுப்பு வைத்துவிடலாமா?

சில தனியார் பள்ளிகள் வைக்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, டவர் இல்லை, வீட்டுக்குள் தண்ணீர். அந்த நேரத்தில் லிங்க் அனுப்புவதில் அர்த்தம் இல்லை. ஒன்றிரண்டு நாள் விடுமுறைக்கு வகுப்பே வேண்டாம், பிள்ளை வீட்டில் இருக்கட்டும்.

நீண்ட நாள் மூட வேண்டி வந்தால் என்ன செய்யலாம் என்று எங்கள் பள்ளியில் ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பிள்ளை வீட்டின் போன் நம்பரோடு, அந்தப் போன் எத்தனை மணிக்கு வீட்டில் இருக்கும் என்பதையும் எழுதியிருக்கிறோம். தெருவாரியாக வாசிக்கத் தெரிந்த பெரிய பிள்ளை, படித்த அக்கா அல்லது அண்ணன் யார் என்று குறித்திருக்கிறோம். ஒரு மாதத்துக்கான பயிற்சித்தாள்கள் அச்சடித்து பீரோவில் இருக்கின்றன. நூலகப் புத்தகங்களைப் பள்ளியில் பூட்டி வைக்காமல் வீட்டுக்கு இரண்டு என்று கொடுத்து அனுப்புவதாக முடிவு. ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை மட்டும், நிலைமை அனுமதித்தால், தெருவுக்கு ஐந்து பேராகத் திறந்த வெளியில் நேரில் பார்ப்பது. அந்த வயதுக்குப் போன் வேண்டாம் என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டிருக்கிறோம்.